ஆசை அளவு

6 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டை போடுகிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நாம் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார்!

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணம். சிரிக்காதே. முப்பத்தாறு வயசில் இவளுக்கு என்ன அவசரம் என்று பக்கத்து வீட்டுக்காரி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். மாப்பிள்ளை வாட்ச் ரிப்பேர் செய்கிறவர். இரண்டு வருஷமாக நான் ஓட்டுகிற பஸ்ஸில், எனக்குப் பக்கத்தில் இருக்கும் முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறார். தினமும் இறங்கும்போது, "இன்னைக்கு ரெண்டு நிமிஷம் லேட்" என்பார். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "அவ்வளவு அவசரம்னா நடந்து போங்களேன்" என்றேன். "எனக்கென்ன அவசரம்? லேட்டானா ரெண்டு நிமிஷம் கூட உட்காரலாம்ல" என்றார். எனக்குக் கியர் போட வரவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டன.

ஜூன் பதினான்கு கல்யாணம். கவுனை நீதான் தைக்க வேண்டும். பாலாடை நிறம். கை வேண்டாம். இடுப்பில் நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பை வேண்டும். அம்மா நாடா பிடித்து அளவெடுத்தாள்: மார்பு 46, இடுப்பு 42, அதற்குக் கீழே 50, கைச்சுற்று 17. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு "அய்யய்யோ" சொன்னாள். "அய்யய்யோவெல்லாம் வேணாம், நம்பரை ஒழுங்கா எழுது" என்றேன்.

ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுங்கள். உன்னைப் பார்த்து ஆறு வருஷமாகிறது.

உன் உருண்டை


17 பிப்ரவரி

என் உருண்டைக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்து நான் போட்ட கூச்சலில் அத்தான் பாலைப் பொங்க விட்டுவிட்டார். என் கண்ணே! அந்த வாட்ச்காரர் கெட்டிக்காரர். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நான் அப்படியேதான் இருக்கிறேன். அம்மாவை முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

இனி தொழில் பேசுவோம். இந்தக் கல்யாண உடைக் கடையில் பதினொரு வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன். எங்கள் கடைச் சுவரில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறது. பெண்களின் உடம்பை வகைவகையாகப் பிரித்துப் படம் போட்டிருப்பார்கள். மேலே கனமாக இருந்தால் ஆப்பிள், கீழே கனமாக இருந்தால் பேரிக்காய். நீ இரண்டும் கலந்த ரகம். உனக்கு மெல்லிய வலைத்துணியில் முழுக்கை வேண்டும். மார்புக்குக் கீழேயே தையலை நிறுத்தி, அங்கிருந்து துணியைத் தொங்க விட வேண்டும். கழுத்து கூராக இருக்கட்டும், முகம் நீளமாகத் தெரியும். பளபளப்பான துணி கூடாது. பை கூடவே கூடாது, அகலத்தை வேண்டாத இடத்தில் காட்டும். மறைக்க வேண்டியதை மறைத்தால் பத்துக் கிலோ குறைந்த மாதிரி இருப்பாய். எங்கள் கடைப் பொம்மைகள் நாற்பது அளவோடு நின்றுவிடுகின்றன. பரவாயில்லை, எப்படியாவது சமாளிக்கிறேன்.

வருவதைப் பற்றி இப்போது சொல்ல முடியாது. அது சீசன் நேரம். முதலாளியம்மா லீவு தருவாளோ என்னவோ. பார்க்கலாம்.

உன் குச்சி அக்கா


25 பிப்ரவரி

அக்கா,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் கடிதத்தைப் படித்ததும்தான் எனக்குக் கொஞ்சம் ரத்தக் கொதிப்பு வந்தது.

நான் என்ன பழக்கடையா? ஆப்பிளாம், பேரிக்காயாம்! வாட்ச்காரரிடம் படித்துக் காட்டினேன். மனுஷன் யோசித்துவிட்டு, "எனக்கு ரெண்டு பழமும் பிடிக்கும்" என்றார். அடி வாங்காமல் தப்பித்தார்.

கையை ஏன் மூட வேண்டும்? வளைவில் முழு பஸ்ஸைத் திருப்புகிற கை அது. அறுபது பேர் தினமும் அந்தக் கையை நம்பித்தான் உட்காருகிறார்கள், ஒருவர்கூட "கொஞ்சம் மூடிக்கிட்டு ஓட்டுங்க" என்று சொன்னதில்லை. பையில் என் கைக்குட்டையும் அம்மாவின் மாத்திரையும் இருக்கும். அம்மா மேடையில் அழுவாள், அப்புறம் தலைவலி என்பாள். பத்துக் கிலோ குறைந்த மாதிரி தெரிந்து யாரை ஏமாற்றப் போகிறேன்? அவர் இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்.

உன் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார். குடும்பப் படத்தில் நான் எங்கே இருக்கிறேன்? "நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்கம்மா" என்று போட்டோக்காரன் என்னைப் பெரிய பூச்சாடிக்குப் பின்னால் நிறுத்தினான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. படத்தில் என் காது மட்டும்தான் இருக்கிறது. என் கல்யாணத்தில் முழுசாகத் தெரிவேன், சொல்லிவிட்டேன்.

அம்மா இப்போது தட்டில் பாதிதான் வைக்கிறாள். மீதிப் பாதியை டிப்போ கேன்டீனில் முடித்துக்கொள்கிறேன். உன் போட்டோ ஒன்று அனுப்பு. லீவு பிரச்சினை என்றால் முதலாளியம்மாவின் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

உன் உருண்டை


20 மார்ச்

அன்புள்ள உருண்டைக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

சரி, கை வேண்டாம் என்றால் வேண்டாம். பையும் வைத்தாயிற்று. இந்தப் பிடிவாதத்தை எங்கே வாங்கினாய் என்று தெரியவில்லை. பாலாடை நிறத் துணியில் வெட்டி, லேசாக ஓட்டுத் தையல் போட்டுப் பார்சலில் அனுப்புகிறேன். போட்டுப் பார்த்துச் சொல்.

முதலாளியம்மாவின் நம்பரெல்லாம் உனக்கு எதற்கு? நான் எப்போதும் பின் அறையில்தான் இருக்கிறேன், வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். முன் ஹாலில் நடப்பது எனக்குத் தெரியாது. நீ கேட்ட போட்டோ உள்ளே இருக்கிறது.

பூச்சாடி விஷயம் நினைவிருக்கிறது.

குச்சி அக்கா


2 ஏப்ரல்

அக்கா,

அம்மா நலம். ரொம்பவே நலம். ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று உன் பார்சலைப் பிரித்துப் போட்டேன். அழகென்றால் அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. முதுகில் இரண்டு இன்ச் இடைவெளி. மூச்சை உள்ளே இழுத்தேன், அம்மா முழங்கால் வலியையும் மறந்து என் முதுகில் காலை ஊன்றி இழுத்தாள், அது அசையவில்லை. எனக்கு வயிறு எரிகிறது, அம்மா முகத்திலோ சிரிப்பு. "ரெண்டு மாசம் இருக்கே, அதுக்குள்ள இளைச்சிடலாம்டி" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் கத்தரி நூலளவும் தப்பாது என்று பெருமை அடித்துக்கொள்வாயே, இங்கே மட்டும் எப்படி அச்சடித்த மாதிரி இரண்டு இன்ச் தப்பியது? நீயும் அம்மாவும் சேர்ந்து போட்ட திட்டமா? மறைக்காமல் சொல்.

இன்னொன்று. நீ அனுப்பிய போட்டோ எட்டு வருஷத்துக்கு முன்னால் சித்தி வீட்டு வாசலில் எடுத்தது. எடுத்தவள் நான். ஓரத்தில் என் கட்டைவிரல் தெரிகிறது. இப்போது எடுத்த படத்தை அனுப்பு.

உருண்டை


11 ஏப்ரல்

உருண்டைக்கு,

இங்கு நலம்.

எங்கள் கடை அளவுப் புத்தகத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் இரண்டு பத்தி உண்டு. ஒன்று உடம்பு அளவு. மற்றது ஆசை அளவு. அளவெடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணும், "கல்யாணத்துக்குள்ள குறைச்சிடுவேன்" என்பாள். அதனால் உடம்பு அளவில் இரண்டு இன்ச் கழித்து ஆசை அளவை எழுதி, அதற்குத்தான் துணியை வெட்டுவோம். அது கடை வழக்கம். உன் கவுனையும் அப்படித்தான் வெட்டினேன். அம்மா போனில் கேட்டாள், நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. போதுமா?

உன் நல்லதுக்குத்தான் செய்தேன். மேடையில் நிற்கும்போது ஊரே பார்க்கும். பார்த்துவிட்டுச் சும்மா போக மாட்டார்கள். குனிந்து பக்கத்தில் இருப்பவள் காதில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். துணி எடுத்துக் கொடுக்க நீ குனிந்தால் என்ன சொல்வார்கள், நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன சொல்வார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். இரண்டே இன்ச்தான். கொஞ்சம் வாயைக் கட்டு. என் கல்யாணத்துக்கு நான் கட்டவில்லையா?

என்னால் வர முடியாது. லீவு இல்லை.

அக்கா


19 ஏப்ரல்

அக்கா,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. கவுனைத் திருப்பி அனுப்புகிறேன். உன் ஆசை அளவை நீயே வைத்துக்கொள். அது என் ஆசை இல்லை.

உன் கல்யாணத்துக்கு நீ வாயைக் கட்டினாயா? ஆமாம், கட்டினாய். முப்பது நாள் ஒருவேளைச் சாப்பாடு. உனக்கு ஏன் அது? குச்சி மாதிரிதான் இருந்தாய், அதையும் போதாது என்று சீவினாய். அன்றைக்கு என்ன நடந்தது என்று நாம் ஒருநாளும் பேசியதில்லை. நான் பேசுகிறேன். வரிசையில் நின்றவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்த நீ, சட்டென்று சரிந்தாய். எல்லாரும் அய்யோ அய்யோ என்று கத்திக்கொண்டு நின்றார்கள். அத்தான் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். பூச்சாடிக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து உன்னைத் தூக்கியது நான். படி இறங்கி, ஹாலைத் தாண்டி, உள் அறைக் கட்டில் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது இந்தப் பதினேழு இன்ச் கை. அதைத்தான் வலைத்துணி போட்டு மூடச் சொன்னாய்.

46, 42, 50, 17. முடிந்தால் தை. முடியாதென்றால் டிப்போ யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்துகொள்கிறேன். வாட்ச்காரரைக் கேட்டேன். "தாராளமா. அதுல நாலு பை இருக்கே" என்றார்.

தங்கை


10 மே

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா தினமும் தபால்காரரை மறித்து விசாரிக்கிறாள். அவர் இப்போது எதிர்ப்பக்கமாக நடக்கிறார்.

கொஞ்சம் அதிகமாகத்தான் எழுதிவிட்டேன். எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் அதிகம். அம்மாவிடமும் சண்டை போட்டு முடித்துவிட்டேன். இப்போது தட்டு நிறைய வைக்கிறாள். வைத்துவிட்டு வேறு பக்கம் பார்க்கிறாள், அது போதும்.

கவுன் போகட்டும். நீ வா.

உன் உருண்டை


20 மே

உருண்டைக்கு,

எல்லாரும் சுகம். புதுத்துணி எடுத்து முதலிலிருந்து தைத்திருக்கிறேன். உன் உடம்பு அளவு, ஒரு நூல் கழிக்கவில்லை. பொம்மையில் போட்டுப் பார்த்துத்தான் தைத்தேன், நன்றாக விழுகிறது. சந்தோஷமாக இரு. அத்தான் மட்டும் கல்யாணத்துக்கு வருவார்.

அக்கா


28 மே

என் அக்காவுக்கு,

உட்கார்ந்து படி.

கவுன் வந்தது. போட்டேன். ஜிப் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி மேலே போனது. கண்ணாடியில் பார்த்தேன். என் கை, என் இடுப்பு, என் வயிறு எல்லாம் அதது இருக்கிற இடத்தில் இருந்தன. ஒன்றையும் நீ ஒளிக்கவில்லை. அம்மா வாயைத் திறந்தாள், அய்யய்யோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். "ராணி மாதிரி இருக்கேடி" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு அடி எடுத்து வைத்தேன், கால் தடுக்கியது. நீளம் அதிகம். அளந்து பார்த்தேன். சரியாக நாலு விரல். அக்கா, நம் வீட்டுக் கதவு நிலையில் கரிக்கோடு போட்டு வளர்ந்தவர்கள் நாம். யார் யாரைவிட நாலு விரல் உயரம் என்று அந்தக் கதவைக் கேட்டால்கூடச் சொல்லும்.

கவுனை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு இஸ்திரி போட்டேன். பக்கத் தையலுக்கு ஒரு இன்ச் வெளியே பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. முதலில் பெரிதாகத் தைத்து, அப்புறம் உள்ளே பிடித்திருக்கிறாய். உங்கள் கடைப் பொம்மை நாற்பதோடு நின்றுவிடும் என்று நீதானே எழுதினாய்? நாற்பத்தாறு அளவுக் கவுனை எந்தப் பொம்மைமேல் போட்டுப் பார்த்தாய்?

உன்மேல் போட்டுப் பார்த்தாய். நீளத்தைக் குறைக்க மட்டும் மறந்துவிட்டாய்.

ஆறு வருஷம், அக்கா. எட்டு வருஷப் பழைய போட்டோ. ஒவ்வொரு தடவையும் "லீவு இல்லை". நீ குண்டாகிவிட்டாய் என்பதற்காகவா என்னைப் பார்க்க வரவில்லை? என்னை? எனக்கு வருகிற கோபத்தில் பஸ்ஸை அப்படியே உன் ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவேன் போல இருக்கிறது. அழுகையும் வருகிறது. பின் அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்! உன்னை அங்கே உட்கார வைத்தது யார்?

கேள். அந்த நாலு விரலை நான் மடிக்கப் போவதில்லை. அம்மாவையும் தொட விடமாட்டேன். நீ வந்து, என் காலடியில் உட்கார்ந்து, உன் கையால் மடித்துத் தைக்க வேண்டும். வராவிட்டால் தரையைப் பெருக்கிக்கொண்டே மேடை ஏறுவேன், தடுக்கி விழுந்தால் விழுவேன். இந்தத் தடவை தூக்க ஆள் இருக்க மாட்டாள்.

உன் உருண்டை


4 ஜூன்

என் உருண்டைக்கு,

நான் நலம். இதை இந்தத் தடவை உண்மையாக எழுதுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று நாள் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எப்படி இப்படி ஆனேன் என்று கேட்காதே. காரணம் சொன்னால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு, "நீ இனிமே முன்னாடி வராதே, கல்யாணப் பொண்ணுங்க உன்னைப் பார்த்தா மனசு கெடும்" என்றாள். அளவுப் புத்தகத்தையும் என்னையும் சேர்த்துப் பின் அறைக்கு அனுப்பினாள். நானும் போனேன். என்னைப் பூச்சாடிக்குப் பின்னால் ஒருத்தர் நிறுத்தினார், அப்புறம் ஆறு வருஷம் நானே நின்றேன். உன்னையும் அதே இடத்தில் நிறுத்தத்தான் முழுக்கையும் வலைத்துணியும் எழுதினேன். அன்றைக்குப் போட்டோக்காரனிடம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

இன்று காலை நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன் ஹாலுக்கு நடந்தேன். பெரிய கண்ணாடி முன்னால் ஒரு பெண் அந்த ஆப்பிள் பேரிக்காய் அட்டையைப் பார்த்துக் கண் கலங்கி நின்றிருந்தாள். முதலாளியம்மா என்னைப் பார்த்ததும் பதறினாள்.

"நீ ஏன் இங்க வந்தே? உள்ளே போ."

"லீவு வேணும். பத்து நாள்."

"சீசன்ல லீவா? எதுக்கு?"

"என் தங்கச்சி கல்யாணம். அவ கவுன்ல கீழே மடிக்கணும்."

"மடிக்கறதுக்குப் பத்து நாளா?"

"நாலு விரல் இருக்கு" என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவளுக்கு அங்கேயே, அந்தக் கண்ணாடி முன்னாலேயே அளவெடுத்தேன். ஆசை அளவு எழுதவில்லை. முதலாளியம்மா, "திரும்பி வந்தா வேலை இருக்கான்னு பார்" என்றாள். "வேற யாரு உங்களுக்கு இப்படி வெட்டிக் கொடுப்பா, அதையும் பாருங்க" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

உன் கவுன் துணியில் மீதி இருந்ததில் எனக்கும் ஒன்று வெட்டிவிட்டேன். 50, 46, 54, 18. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை, நான்கு அய்யய்யோவையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடட்டும். எனக்கும் கை இல்லை. உனக்கு வைத்த மாதிரியே இரண்டு பக்கமும் பை.

ஏழாம் தேதி காலை எட்டு மணிக்கு ஸ்டேஷனில் இறங்குவோம். உன் பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருவேன். கூட்டத்தில் குச்சியைத் தேடிக்கொண்டு நிற்காதே. வாட்ச்காரரை அன்றைக்கு ஒருநாள் பின்னால் போய் உட்காரச் சொல். அந்த முன் சீட் முழுசும் எனக்கு வேண்டும்.

உன் அக்கா